உச்சிப்புளி பக்கம் பாலிஹவுஸ்: வாரக் கடைசியில்தான் போக முடிகிறது, வெள்ளரி இலை ஓரம் கருகுகிறது

உச்சிப்புளி வெள்ளரி:

எல்லோருக்கும் வணக்கம். உச்சிப்புளிக்குப் பக்கத்தில், கடலில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் 5 சென்ட்டில் பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் தாள் போர்த்திய குடில்) போட்டிருக்கிறோம். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், மணல் தரை. உள்ளே 480 வெள்ளரிச் செடி. அப்பாதான் தினமும் பார்த்து வந்தார். சித்திரையில் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்ததால் இப்போது தோட்டத்துக்குப் போக முடியவில்லை. எனக்கு மதுரையில் வேலை. சனிக்கிழமை காலை போய் ஞாயிறு மாலை திரும்புகிறேன். நடுவில் 5 நாள் யாரும் இல்லை.

தண்ணீர் 18 அடி உறைக்கிணறு. 1.5 எச்.பி. மோட்டார். 2,000 லிட்டர் டேங்க் இரண்டு, 6 அடி உயர மேடையில். டேங்கில் இருந்து டைமர் வழியாகச் சொட்டுநீர் தினமும் காலை 6 மணிக்குப் போக வேண்டும். சனிக்கிழமை போனதும் பாத்தியை ஒன்றரை மணி நேரம் நன்றாக நனைத்துவிட்டு, அப்புறம் டேங்கை நிரப்பி வைப்பேன்.

ஒரு மாதமாக இலை ஓரம் கருகுகிறது. மதியம் செடி துவண்டு நிற்கிறது, காய் வளைகிறது, சிலது கசக்கிறது. ஐந்து நாள் பட்டினி போட்டதுதான் காரணம் என்று நினைத்து நனைக்கும் நேரத்தைக் கூட்டினேன். உரம் போதவில்லையோ என்று 19:19:19 அளவையும் இரட்டிப்பாக்கினேன். இன்னும் மோசமாகிவிட்டது. ஃபோனில் ஈரப்பதம், வெப்பநிலை எல்லாம் காட்டும் சென்சார் செட் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். அப்பா ஆசையாகப் போட்ட குடில். எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.

தங்கச்சிமடம் நாற்று:

தம்பி, சென்சார் கொஞ்சம் பொறுக்கட்டும். நாங்கள் மல்லிகை நாற்றுப் போடுகிறவர்கள். இங்கிருந்து வெளி மாநிலங்களுக்கு எல்லாம் கன்று போகிறது. குச்சி வேர் பிடிப்பதும் கருகுவதும் எங்கள் பக்கம் தண்ணீரை வைத்துத்தான். மூன்று விஷயம் சொல்லுங்கள். கருகுவது அடி இலையா, கொழுந்தா? சொட்டுவானைச் சுற்றி மண்ணில் வெள்ளை பூத்திருக்கிறதா? தண்ணீரின் இ.சி. (மின்கடத்தும் திறன், எண் ஏறினால் உப்பு அதிகம் என்று அர்த்தம்) எவ்வளவு?

உச்சிப்புளி வெள்ளரி:

அடி இலைதான் முதலில் கருகுகிறது அண்ணே. கொழுந்து கரும்பச்சையாக, சின்னதாக வருகிறது. வெள்ளை பூத்திருக்கிறது, உரம் படிந்தது என்று நினைத்தேன். இ.சி. இரண்டு வருடம் முன்பு பார்த்தபோது 1.3. அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

பரமக்குடி பந்தல்:

வெப்பம்தான் பிரச்சினையாக இருக்கும். மூடிய பாலிஹவுஸ் உள்ளே வெளியைவிட 8, 10 டிகிரி கூடிவிடும். ஃபாகர் (தண்ணீரைப் பனிபோலத் தூவும் கருவி) போட்டுப் பாருங்கள், எங்களுக்கு நன்றாக வேலை செய்தது.

தங்கச்சிமடம் நாற்று:

பரமக்குடியில் சரி. இங்கே கிணற்றுத் தண்ணீரில் ஃபாகர் ஓட்டினால், தண்ணீர் ஆவியாகி உப்பு இலைமேல் தங்கிவிடும். கடல் காற்றில் ஏற்கெனவே உப்பு வந்து படிகிற இடம். வேண்டாம்.

தம்பி, வருகிற சனிக்கிழமை ஒரு இ.சி. பேனா கொண்டு போங்கள். கிடைக்காவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர்க் கடைக்காரர்கள் வைத்திருக்கும் டி.டி.எஸ். பேனா போதும். பெரும்பாலான பேனாக்களில் 500 பி.பி.எம். என்றால் 1 இ.சி. மோட்டார் போட்ட உடனே ஒரு தடவை, அரை மணி கழித்து ஒரு தடவை, நிறுத்தும் முன் ஒரு தடவை பாருங்கள். டேங்கில் இருப்பதையும் தனியாகப் பாருங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. எண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

உச்சிப்புளி வெள்ளரி:

அண்ணே, பார்த்துவிட்டேன். கை நடுங்கிவிட்டது. மோட்டார் போட்டதும் 1.4. அரை மணியில் 1.8. ஒன்றரை மணியில் 3.1. டேங்கில் 3.2!

தங்கச்சிமடம் நாற்று:

நினைத்தது சரியாகிவிட்டது. கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. பெய்த மழை இறங்கித் தேங்கியதுதான் அது. கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 அடி நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. அதனால் கிணற்றில் மட்டம் கொஞ்சம் இறங்கினாலே அடியில் இருக்கும் உப்பு நிறைய மேலே ஏறி வரும். அப்பா தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்திருப்பார். நீங்கள் ஒரு வாரத்துக்கானதை ஒரே நாளில் உறிஞ்சுகிறீர்கள். அதிலும் முதலில் பாத்திக்குப் பாய்ச்சி, கடைசியில் டேங்கை நிரப்புகிறீர்கள். ஆக, இருப்பதிலேயே மோசமான தண்ணீரை டேங்கில் பிடித்து வைத்து அதையே 5 நாள் செடிக்குக் கொடுக்கிறீர்கள்.

வெள்ளரி 1.7 இ.சி. வரை தாங்கும். அதற்கு மேலே போனால் மகசூல் குறையும். குடைமிளகாய் 1.0க்கே முகம் சுளிக்கும். 3.2 என்றால் செடி தண்ணீருக்கு நடுவில் நின்று தாகத்தில் தவிக்கிறது. மண் ஈரமாக இருந்தும் மதியம் துவள்வது அதனால்தான். இரட்டிப்பாகப் போட்ட உரமும் உப்புதான், அதுவும் சேர்ந்துகொண்டது. இன்னொன்று, மண் காயக் காய உள்ளே இருக்கும் உப்பு கெட்டியாகும். ஈரம் பாதியானால் உப்பு இரண்டு மடங்கு. நல்ல தண்ணீர்க்காரன் ஒரு நாள் தண்ணீர் தவறினால் பிழைத்துக்கொள்வான், நம் பக்கம் முடியாது.

கிணற்றை ஆழப்படுத்தலாம், போர் இறக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இங்கே கீழே போகப் போக உப்புதான்.

கீழக்கரை வயரிங்:

அண்ணன் சொன்னதோடு என் தொழில் பக்கம் இருந்து கொஞ்சம். 1.5 எச்.பி.யை எடுத்துவிட்டு அரை எச்.பி. போடுங்கள். காலை 5 மணிக்கு 20 நிமிடம், மாலை 20 நிமிடம். ஒரு தடவைக்கு 300 லிட்டர் சொச்சம் டேங்குக்கு வந்துவிடும், 480 செடிக்கு அதுவே போதும். நடுவில் கிணறு ஊறிக்கொள்ளும். டேங்கில் ஃப்ளோட் சுவிட்ச் (நிரம்பினதும் மோட்டாரை நிறுத்துவது), மோட்டாருக்கு ட்ரை ரன் பாதுகாப்பு, இரண்டும் கட்டாயம். ஆள் இல்லாத இடத்தில் கிணறு வற்றி மோட்டார் சும்மா ஓடினால் அதன் கம்பிச் சுருள் எரிந்துவிடும்.

டைமர் என்ன வகை? முள் சுற்றும் மெக்கானிக்கல் டைமர் என்றால், மின்சாரம் போகும்போது அதன் கடிகாரமும் நின்றுவிடும். ஒரு வாரத்தில் 4 மணி நேரம் மின்தடை என்றால் தண்ணீர் 4 மணி நேரம் தள்ளிப் போகும்.

உச்சிப்புளி வெள்ளரி:

அதே வகைதான். நேற்று பார்த்தபோது மதியம் ஒன்றேமுக்காலுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. வெயிலில் சூடேறின குழாய்த் தண்ணீர். வயிறு எரிந்தது.

கீழக்கரை வயரிங்:

உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள், மின்சாரம் போனாலும் நேரம் தப்பாது. டேங்கில் இருந்து பாத்திக்குப் போகும் வாய்க்கு, பேட்டரியில் ஓடும் குழாய் டைமர் வைக்கலாம். ஆனால் கேட்டு வாங்குங்கள். சொலினாய்டு (மின்காந்த வால்வு) வகை திறக்கவே அழுத்தம் வேண்டும், 6 அடி மேடையில் அது கிடைக்காது. பால் வால்வு (உள்ளே துளையுள்ள உருண்டை திரும்பித் திறப்பது) வகை அழுத்தம் இல்லாமலே திறக்கும். வயர் இணைப்புகளை டப்பாவுக்குள் வைத்து கிரீஸ் தடவுங்கள். கச்சான் காற்றில் (தென்மேற்குக் காற்று) ஒரே பருவத்தில் செம்பு பச்சை பூத்துவிடும்.

சாயல்குடி மிளகாய்:

சொட்டுவான் அடைப்பையும் பாருங்கள். எங்கள் தோட்டத்தில் கால்வாசி சுண்ணாம்பு படிந்து அடைத்திருந்தது. கடைசி மூடியைத் திறந்து குழாயைக் கழுவி விடுவதை வாரம் ஒரு முறை செய்யுங்கள். ஆசிட் விட்டுக் கழுவுவதாக இருந்தால் தண்ணீரில்தான் ஆசிடை ஊற்ற வேண்டும், ஆசிடில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிளீச்சிங் பவுடர் போட்ட அன்று ஆசிட் பக்கமே போகாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் விஷவாயு.

இன்னொன்று. எங்கள் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை நாங்கள் மழையை நம்பித்தான் விதைக்கிறோம், பருவமழை மண்ணைக் கழுவிக் கொடுக்கிறது. உங்கள் குடிலுக்கு மேலே பிளாஸ்டிக் கூரை. வருடம் முழுக்க ஒரு சொட்டு மழை உள்ளே இறங்காது. நீங்கள் ஊற்றுகிற உப்பு எல்லாம் அங்கேயேதான் கிடக்கும். பயிர் முடிந்ததும் ஐப்பசியில் கூரைத்தாளைச் சுருட்டிவிட்டு மழையை உள்ளே விடுங்கள்.

தங்கச்சிமடம் நாற்று:

சுருட்டுவது சரிதான். ஆனால் அதற்கு முன்னால் கூரைத் தண்ணீரைப் பிடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. 200 சதுர மீட்டர் கூரையில் 100 மி.மீ. மழை பெய்தால் 20,000 லிட்டர். நம் மாவட்டத்தில் வருடத்துக்கு 800 மி.மீ. சொச்சம் பெய்கிறது, பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். தார்பாய் விரித்த ஒரு குட்டை, மேலே ஆவியாகாமல் மூடி. பாதி கிணற்றுத் தண்ணீர், பாதி மழைத் தண்ணீர் கலந்தால் 1.4 என்பது 0.7 ஆகிவிடும். ஒரு நாளைக்கு 300 லிட்டர் மழைத் தண்ணீர் என்றால் 90 நாள் பயிருக்கு 27,000 லிட்டர். கூரையே கொடுத்துவிடும். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் மட்டும் கை வைக்காதீர்கள், அது ஊர் குடிக்கிற தண்ணீர்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: டேங்கைக் காலி செய்யுங்கள். இரண்டு வாரம் உரம் வேண்டாம். ஒரே தடவையாகப் பாய்ச்சாமல் காலை ஒன்று, மாலை ஒன்று. பாத்திமேல் மூடாக்கு போடுங்கள், மண் காய்வது குறைந்தால் உப்பு மேலே ஏறுவதும் குறையும். பக்கத் தாளைச் சுருட்டிக் கட்டிவிட்டே மதுரைக்குக் கிளம்புங்கள். பூச்சி வலை இருக்கிறது அல்லவா, அது போதும். ஆள் இல்லாத குடில் மூடிக் கிடப்பதைவிடத் திறந்து கிடப்பது மேல். தென்மேற்குப் பக்கம் மட்டும் பனையோலைப் படல் கட்டுங்கள். கச்சான் அடித்தால் தாள் கிழிந்துவிடும்.

மண்ணை ராமநாதபுரம் கடலோர உவர் ஆராய்ச்சி மையத்தில் கேட்டுப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால், களர் மண்ணுக்குப் போடுகிற ஜிப்சம் வாங்கிக் கொட்டாதீர்கள். வெறும் உப்புக்கு நல்ல தண்ணீர்தான் மருந்து.

அப்புறம் சென்சார். டேங்க் காலி என்று புதன்கிழமை உங்கள் ஃபோன் சொன்னால், மதுரையில் இருந்து என்ன செய்வீர்கள்? பக்கத்தில் யாரும் இல்லையா?

உச்சிப்புளி வெள்ளரி:

பக்கத்துத் தோட்டத்தில் ஓலைப்பெட்டி முடைகிற அக்கா இருக்கிறார். அப்பாவுக்குப் பழக்கம். சும்மா கேட்கக் கூச்சமாக இருந்தது.

தங்கச்சிமடம் நாற்று:

சும்மா கேட்காதீர்கள், மாதச் சம்பளமாகப் பேசுங்கள். தினமும் பத்து நிமிடம். டேங்க் மட்டம் பார்ப்பது, சொட்டுகிறதா என்று பார்ப்பது, தெர்மாமீட்டரை ஃபோட்டோ எடுத்து அனுப்புவது. இந்த மூன்றோடு நிறுத்துங்கள்.

உச்சிப்புளி வெள்ளரி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அரை எச்.பி. மோட்டார், டிஜிட்டல் டைமர், பால் வால்வு எல்லாம் மாட்டியாகிவிட்டது. டேங்கில் இப்போது 1.5. கருகின இலை கருகினதுதான், 60 செடி போய்விட்டது. ஆனால் புது இலை ஓரம் சுத்தமாக இருக்கிறது. போன வாரம் பறித்த காயில் கசப்பு இல்லை. அக்கா தினமும் காலை 7 மணிக்குப் படம் அனுப்புகிறார், அதை அப்பாவுக்கும் அனுப்பி வைக்கிறேன். டேங்க் மட்டத்தைப் பார்த்துவிட்டு அவரே அக்காவுக்கு ஃபோன் போட்டுப் பேசுகிறார். சென்சாருக்கு வைத்திருந்த பணத்தில் கூரைக்குத் தகரக் காவாய் அடித்து, குட்டைக்குத் தார்பாய் வாங்கப் போகிறேன். காவாய் விஷயத்தில் ஏதாவது கவனிக்க வேண்டுமா அண்ணே?

தங்கச்சிமடம் நாற்று:

தகரம் வேண்டாம், உப்புக் காற்று தின்றுவிடும். பி.வி.சி. போடுங்கள். முதல் மழையைக் குட்டைக்கு விடாதீர்கள். ஆனியில் இருந்து கூரையில் படிந்த உப்பும் புழுதியும் அதில்தான் இறங்கும். அரை மணி நேரம் வெளியே ஓடவிட்டு, பேனாவை வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் திருப்புங்கள். அக்காவுக்கும் அந்தப் பேனாவைப் பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள், மழை சனிக்கிழமை பார்த்துப் பெய்யாது.