செல்ஃப் மோட்டார் சுத்துது, லொறி பிடிக்குதில்லை: உங்களுக்கும் நடந்ததா?

கொட்டாஞ்சேனை லொறி:
எங்கட எல்ஃப், பழைய டீசல் பம்ப் வண்டி. நாலாம் குறுக்குத் தெருவில வெங்காயம் இறக்கிட்டு வெளிக்கிட்டால் எஞ்சின் பிடிக்குதில்லை. பின்னால மூட்டை தூக்கிற நாட்டாமைமாரின்ர கைவண்டில் எல்லாம் நிண்டு கத்துது. பற்றறி எண்டினம், நோசில் எண்டினம். அரிசி ஏத்த வந்த ஒரு நானாதான், "தம்பி, செல்ஃப் அடிக்கக்குள்ள சைலன்சர்ல புகை வருதா?" எண்டு கேட்டார். ஒரு பொட்டுக்கூட இல்லை. "அப்ப டீசல் போகல்ல" எண்டு பில்டருக்கு மேல இருக்கிற கைப்பம்பை அமத்தி, எயார் ஸ்குரூவை அரைச் சுத்து இளக்கினார். சோடாப் போத்தில் திறந்த மாதிரி நுரை. நுரை நிண்டு தனி டீசல் வந்ததும் இறுக்கினார், பிடிச்சிட்டுது. டாங்கில பாதிக்கு மேல டீசல் கிடந்தது. அப்ப காத்து எங்கால வந்தது?

மட்டக்குளி கராஜ்:
காலையில மட்டும்தான் மக்கர் பண்ணுதா? டாங்கில இருந்து பம்புக்கு வாற ஹோஸைப் பாருங்கோ. அது இழுக்கிற பக்கம்; வெடிப்பு இருந்தா டீசல் ஒழுகாமலே காத்து உள்ள போகும். வண்டி நிக்கேக்க டீசல் டாங்குக்கே திரும்பி இறங்கிடும். என்னட்ட வந்த கென்டர் லொறி ஒண்டில எங்கயும் ஈரமே இல்லை. பம்புக்கு முன்னால உள்ளுக்குத் தெரியிற ஹோஸ் துண்டு ஒண்டு போட்டன், குமிழ் குமிழா ஓடிச்சு. கிளிப்புக்குக் கீழ மயிரளவு வெடிப்பு. பஞ்சிகாவத்தையில ஹோஸ் வாங்கேக்க இணைப்புக்குப் போடுற கொப்பர் வொஷரும் வாங்குங்கோ.

வத்தளை வயரிங்:
புகை இல்லாட்டி காத்துதான்னு ரெண்டு பேரும் முடிவு கட்டிட்டீங்க. ஒருகொடவத்தையில நம்மட வண்டிய ஒரு மெக்கானிக் பாஸ் பம்ப் அடிச்சு அடிச்சு கை வீங்கினார். நான் சாவியப் போடச் சொல்லி, பம்புல ஈக்கிற ஸ்டொப் சொலினொயிட்ல (டீசல் வழிய திறக்கிற கரண்ட் வால்வு) விரல வச்சேன். 'டிக்' இல்ல. எலி வயரத் திண்டிருந்திச்சு! கரண்ட் வராட்டி அது டீசல விடாது.

பழைய ட்ரைவர்:
எல்லாரும் கவனமா இருங்கோ. கொமன் ரெயில் (கொம்பியூட்டரால டீசல் பீச்சுற புது மாதிரி) வண்டியில பழைய பழக்கத்துக்கு இன்ஜெக்டர் பைப் நட்டை இளக்க வேண்டாம். ஓடேக்க அழுத்தம் 1,000 பாருக்கு மேல போற லைன், செல்ஃப் அடிக்கேக்கயே நூற்றுக்கணக்கில ஏறும். பீச்சினா தோலுக்குள்ள டீசல் இறங்கிடும், நேரே ஆஸ்பத்திரிதான். ஹீட்டர் பிளக் இருக்கிற எஞ்சினுக்கு ஸ்டார்ட் பண்ண ஈதர் ஸ்பிரே அடிக்காதேங்கோ, வெடிக்கும். 24 வோல்ட் வண்டிக்கு ரெண்டு பற்றறியையும் சோடியா மாத்துங்கோ. ஒண்டு படுத்தா மற்றதையும் கெடுக்கும், செல்ஃப் மெதுவா சுத்தும். டீசலுக்கு ஸ்பார்க் இல்லை, அமுக்கிற சூட்டிலதானே எரியுது. மெதுவாச் சுத்தினா அந்தச் சூடு வராது, வெள்ளைப் புகைதான் வரும். என்ர கதை சின்னது: 2022 டீசல் கியூ காலத்தில டாங்கை அடிவரை ஓட்டினதில துரு எல்லாம் பில்டருக்குள்ள.

கொட்டாஞ்சேனை லொறி:
அண்ணை, பழைய பம்ப் எண்டு முதல் வரியிலயே எழுதியிருக்கிறன். மட்டக்குளி ஆள் சொன்னது சரி, விடியத்தான் கூட. ஹோஸ் வாங்கப் போறன்.