பேறுகால விடுப்புச் சம்பளம்: இஎஸ்ஐ தருமா, நாங்கள் தர வேண்டுமா?

வணக்கம். திருப்பூரில் சின்ன கார்மெண்ட் யூனிட் நடத்துகிறேன், மொத்தம் 14 பேர். எங்கள் மெர்ச்சண்டைசர் பெண்ணுக்கு பிப்ரவரி நடுவில் பிரசவம், முதல் குழந்தை. ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து 26 வார விடுப்பு கேட்டிருக்கிறார். கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. நாலு வருடமாகக் கம்பெனியைத் தாங்குகிறவர்.

சிக்கல் சம்பளத்தில்தான். போன மே மாதம் 20,500-லிருந்து 23,000 ஆக்கினேன். இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) திட்டத்துக்கு மாதச் சம்பள உச்சவரம்பு 21,000. செப்டம்பர் வரை சந்தா பிடித்துக் கட்டினோம், அக்டோபரிலிருந்து நிறுத்திவிட்டோம். நல்லது செய்யப்போய் நானே மாட்டிக்கொண்டேன்!

இஎஸ்ஐ இல்லையென்றால் பேறுகாலச் சட்டப்படி முழுச் சம்பளமும் என் கையிலிருந்து. ஆறு மாதத்துக்கு 1,38,000 ரூபாய், அப்புறம் மாற்று ஆளுக்கு மாதம் 18,000 தனி. ஆர்டர் மந்தமான இந்த நேரத்தில் கஷ்டம்.

ஆடிட்டரிடம் கேட்டேன், "வெளியே வந்தாச்சு, கிடைக்காது" என்கிறார். கிளை அலுவலகத்துக்கு இரண்டு முறை போனேன், ஆளுக்கொரு பதில். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்குப் பலன் காலம் (அதாவது பணம் கோரக்கூடிய காலம்) ஜனவரி முதல் ஜூன் வரை என்று படித்தேன். ஏப்ரல்-செப்டம்பரில் பேறுகாலப் பணத்துக்குத் தேவையான 70 நாளுக்கு மேல் சந்தா இருக்கிறது, செலான் எல்லாம் கையில் உண்டு.

இப்படி வரம்பு தாண்டி வெளியே வந்த பிறகு, முந்தைய சந்தாவை வைத்து யாராவது இஎஸ்ஐயில் பேறுகாலப் பணம் வாங்கியிருக்கிறீர்களா?