சொராரிட்டி சாப்டரில் பொறுப்பு கைமாறுகிறது: எதை முதலில் வாங்கிக்கொள்வது, எப்படி நன்றி சொல்வது?

வேப்பம்பூ:
அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தெற்காசியப் பெண்களுக்கான சொராரிட்டி, அதாவது மாணவியர் சகோதரி அமைப்பு. எங்கள் சாப்டரில் (அதன் உள்ளூர்க் கிளை) மொத்தம் 16 பேர். ஏப்ரல் முதல் வாரத் தேர்தலில் என்னைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இப்போதைய தலைவி, பொருளாளர் உட்பட நான்கு சீனியர் அக்காக்கள் மே நடுவில் பட்டம் வாங்கிக்கொண்டு ஊரை விட்டுப் போகிறார்கள். நடுவில் இறுதித் தேர்வு வேறு. இருக்கிற நாட்களில் எதை முதலில் கேட்டு வாங்குவது? மெஹந்தி இரவில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காகத் திரட்டிய 640 டாலர் இன்னும் போய்ச் சேரவில்லை, அதை என்ன செய்வது? அக்காக்களுக்கும் ஆலோசகராக இருக்கும் அலும்னா (முன்னாள் மாணவி) அக்காவுக்கும் நல்லபடியாக நன்றி சொல்ல வேண்டும், ஆனால் புதுப் பெண்களிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்க எனக்கு மனமில்லை.

பேரேடு:
வாழ்த்துகள் தங்கச்சி. வங்கியில் தொடங்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பழைய பொருளாளர் ஊரை விட்டுப் போன பிறகு கையெழுத்து மாற்றுவது பெரும் அலைச்சல். தேர்தல் நடந்த தேதி, யார் யாருக்கு என்ன பொறுப்பு என்பதை எழுதிய மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) செயலாளர் கையெழுத்து வாங்குங்கள். பழைய பொருளாளரும் புதியவரும் ஒரே நாளில், ஒன்றாகவே வங்கிக் கிளைக்குப் போகட்டும். இருவரின் அடையாள அட்டையும், சாப்டரின் ஈஐஎன் எண் (அமைப்புகளுக்கான வரி அடையாள எண்) வந்த ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) கடிதமும் கையில் இருக்க வேண்டும். அந்தக் கடிதம் சிபி 575. தொலைந்திருந்தால் ஐஆர்எஸ்-ஐ அழைத்து 147சி கடிதம் கேளுங்கள், தருவார்கள். ஈஐஎன்-க்குப் பொறுப்பாளராகப் பழையவர் பெயர் இருந்தால், மாறிய 60 நாட்களுக்குள் 8822-பி படிவம் அனுப்ப வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

அடுத்து 990-என். ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருக்கும் அமைப்புகள் இணையத்தில் தாக்கல் செய்யும் சிறு அறிக்கை இது. நிதியாண்டு முடிந்த பின் ஐந்தாம் மாதம் 15ஆம் தேதி கெடு. ஜூன் 30-இல் கணக்கு முடித்தால் நவம்பர் 15. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் விட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். பொறுப்பாளர்கள் ஆண்டுதோறும் மாறும் இடத்தில் மூன்று ஆண்டு தவறுவது மிக எளிது, ஒவ்வொருவரும் முன்னவர் செய்திருப்பார் என்றே நினைப்பார்கள். தேசியத் தலைமை உங்களுக்கும் சேர்த்துத் தாக்கல் செய்கிறதா, நீங்களே செய்ய வேண்டுமா என்று இந்த வாரமே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள்.

640 டாலரை அடுத்த பொருளாளர் கைக்குப் போக விடாதீர்கள். திரட்டியவர்கள் இருக்கும்போதே, யாருக்கென்று சொல்லித் திரட்டினார்களோ அந்த நிறுவனத்தின் பெயருக்கே காசோலை போகட்டும். ரசீதைக் கொடுத்தவர்களுக்கும் காட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: சொராரிட்டி சாப்டர்கள் பொதுவாக வரிச்சட்டத்தில் 501சி7 வகை, அதாவது சமூக மன்றம். சாப்டருக்குக் கொடுத்த பணத்துக்கு வரிச்சலுகை கிடைக்காது, 501சி3 வகைத் தொண்டு நிறுவனத்துக்கு நேரடியாகக் கொடுத்தால்தான் உண்டு. தெரியாமல் சுவரொட்டியில் வாக்குறுதி கொடுத்துவிடாதீர்கள்.

திண்ணை:
பணம் சரி, கோப்புகளையும் பாருங்கள். பகிர்ந்த டிரைவ் ஒரு சீனியரின் பல்கலைக்கழக மின்னஞ்சலில் இருந்தால், அவர் பட்டம் பெற்ற பிறகு கணக்கு மூடப்படலாம், கோப்புகளும் கூடவே போகும். சாப்டர் பெயரில் தனி மின்னஞ்சல் தொடங்கி உரிமையை மாற்றுங்கள். இன்ஸ்டாகிராம், பணம் அனுப்பும் வென்மோ செயலி எல்லாவற்றிலும் ஓடிபி யாருடைய கைப்பேசிக்கு வருகிறது என்று பாருங்கள். கடவுச்சொல் மட்டும் கிடைத்துப் பயனில்லை. மதிப்பெண் பட்டியல், ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகள், சடங்குப் புத்தகம் மூன்றும் பொது டிரைவில் இருக்கவே கூடாது.

தேர்வு வாரத்தில் மூன்று மணி நேரம் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்பார்கள். ஒன்றும் மண்டையில் ஏறாது. ஏப்ரல் கடைசி இரண்டு வாராந்தரக் கூட்டங்களை நீங்களே நடத்துங்கள், பழைய தலைவி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரே ஒரு பக்கம், மாத வாரியாக, போதும். இலையுதிர் பருவத்துக்கான அரங்க முன்பதிவு, மாணவர் அமைப்பு மறுபதிவு, தலைமைக்குக் கட்டும் சந்தா, காப்பீடு ஆகியவற்றின் தேதிகள் அதில் கட்டாயம். எழுதாமல் போகிற விஷயங்களுக்கு இரண்டு கேள்வி: "எதை முயன்று கைவிட்டீர்கள், ஏன்?" "யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம்?"

முன்றில்:
நன்றி பற்றி மட்டும் சொல்கிறேன். பரிசுக்குப் புதியவர்களிடம் வசூலிக்காதது நல்ல முடிவு. சேர்வதற்கான நிபந்தனைபோல் வாங்கவைப்பது ஹேஸிங் (புதியவர்களை வதைப்பது) புகாராகவே முடியலாம். 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டப்படி, விதிமீறிய அமைப்புகளின் விவரத்தைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும். பட்டமளிப்பு ஸ்டோலுக்கு (விழாவில் தோளில் அணியும் பட்டை) நான்கே பேர் என்பதால் சாப்டர் சந்தாவிலிருந்து ஒரு தொகை ஒதுக்கி, இப்போதே ஆர்டர் கொடுங்கள். மற்றபடி கையால் எழுதிய கடிதம்தான். "எல்லாவற்றுக்கும் நன்றி அக்கா" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் சேராது. அவர் செய்த ஒரு காரியம், அதனால் யாருக்கு என்ன ஆயிற்று, நான்கு வரி. மீதமிருக்கும் 12 பேரும் எழுதினால் ஒவ்வொரு அக்காவுக்கும் 12 கடிதம். ஆலோசகருக்கு, அவர் சொன்ன யோசனை எதுவாக முடிந்தது என்று எழுதுங்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை.

போகிறவர்களின் தனிப்பட்ட மின்னஞ்சல், ஊர், துறை மூன்றையும் வாங்கி வையுங்கள். முதல் ஆண்டிலேயே நன்கொடை கேட்க வேண்டாம், ஒரு மணி நேரம் கேளுங்கள்: ஒரு தங்கையின் ரெஸ்யூமேயைப் பார்ப்பது, ஒரு மாதிரி நேர்காணல்.

வேப்பம்பூ:
மிக்க நன்றி. இன்னொன்று. நாங்கள் சில வழக்கங்களை மாற்ற நினைக்கிறோம். அலும்னா அக்காக்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்களோ என்று கவலை.

திண்ணை:
இதற்கு வரலாறே இருக்கிறது. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908-இல் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற சொராரிட்டியில், 1912-இல் புதிதாக வந்த பொறுப்பாளர்கள் பெயர் உட்படப் பலவற்றை மாற்ற விரும்பினார்கள். பட்டம் பெற்றுப் போயிருந்த நெல்லி குவாண்டர் ஒப்புக்கொள்ளவில்லை. மாற்றம் கேட்ட 22 பேரும் விலகி 1913 ஜனவரி 13-இல் டெல்டா சிக்மா தீட்டா என்ற புதிய சொராரிட்டியைத் தொடங்கினார்கள். மார்ச் 3-ஆம் தேதி வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் நடந்தார்கள். குவாண்டர் தரப்பு அதே ஜனவரி 29-இல் பழைய அமைப்பைச் சட்டப்படி பதிவு செய்தது. இரண்டுமே இன்றும் உயிரோடு இருக்கின்றன.

உங்கள் மாற்றம் அந்த அளவுக்கு இருக்காது. இரண்டு பட்டியல் போடுங்கள்: தேசிய விதிப்புத்தகத்தில் உள்ளவை, உங்கள் சாப்டரின் வெறும் பழக்கம். இரண்டாவது பட்டியலில் உள்ளவற்றை மாற்றச் சாப்டர் வாக்கு போதும். ஆனால் வாக்கெடுப்புக்கு முன்னால் அந்தப் பழக்கத்தைத் தொடங்கிய அக்காவை ஒருமுறை அழைத்து, ஏன் வந்தது என்று கேளுங்கள். பாதி நேரம் அந்தக் காரணம் இப்போது இல்லை என்று அவரே சொல்லிவிடுவார்.