லேபிரிந்துக்குப் ‘புதிர்’ வேண்டாம்: சுற்றுத்தடம், நேர்த்தடம்

அண்ணாச்சி, வணக்கம்.

ஒரே வழியாக வளைந்து வளைந்து நடுவுக்குப் போகும் லேபிரிந்து (labyrinth) என்ற அமைப்புக்கு, நம் அகராதிக்காக நீங்கள் சொன்ன ‘புதிர்நிலை’ செய்தித்தாள்களில் ஏற்கெனவே புழங்குகிற சொல்தான். பொள்ளாச்சிப் பக்கம் கெடிமேட்டுக் கல்வரிசையைப் பற்றி எழுதும்போதும் அதைத்தான் போடுகிறார்கள். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. அதில் புதிர் எங்கே இருக்கிறது?

நேற்று சாயங்காலம் முட்டம் கடற்கரையில், ஈர மணலில் குச்சியால் வரைந்து பார்த்தேன். நடுவில் ஒரு கூட்டல் குறி, அதன் நான்கு மூலையிலும் ‘ட’ மாதிரி ஒவ்வொரு மடக்கு, அதற்கும் வெளியே நான்கு புள்ளி. அப்புறம் முனைகளை இரண்டிரண்டாக வளைத்துச் சேர்த்தால் எட்டு வளைவில் ஏழு சுற்று வந்துவிடுகிறது. கிரீட் தீவில் நோசோஸ் நகரத்து நாணயங்களில் இருப்பதும் இதே அமைப்புதான். என் மகள் வாசலில் கால் வைத்தாள். உள்ளே போவதுபோலப் போன வழி அவளை வெளிச்சுற்றுக்கே கொண்டுவந்தது, மறுபடி உள்ளே இழுத்தது. ஓரிடத்திலும் நின்று யோசிக்காமல் நடுவில் போய் நின்றுவிட்டாள். கிளைவழி ஒன்றுகூடக் கிடையாதே! வழி தப்பவே முடியாத இதைப் புதிர் என்றால், கிளை கிளையாகப் பிரிந்து ஆளைத் திணறடிக்கிற மேஸுக்கு என்ன பெயர் வைப்போம்? ‘புதிர்வழி’ அதற்கு இருக்கட்டும். இதற்குச் ‘சுற்றுத்தடம்’ போதும்.

பழைய இடங்கள் பலவற்றைத் தொட்டு வரைபடத்தில் நேராக இழுக்கும் கோடுதான் லே லைன் (ley line). அதற்கு வந்த ‘புவியாற்றல் கோடு’ என்பதை நான் உறுதியாக மறுக்கிறேன். 1921இல் இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்டுஷயரில் ஆல்ஃப்ரெட் வாட்கின்ஸ் இதைப் பேசத் தொடங்கியபோது அவர் சொன்னது, குன்றுக்குக் குன்று குறிபார்த்து மக்கள் நடந்த பழைய நேர்வழிகளைத்தான். ஆற்றல் என்ற பேச்சு 1960களில் ஒட்டியது. எந்தக் கருவியும் அளந்து காட்டாத ஒன்றைச் சொல்லுக்குள்ளேயே வைத்துவிட்டால், படிக்கிற பிள்ளை அதை உண்மை என்று நம்பிவிடும். ‘நேர்த்தடம்’ என்று வைப்போம்.

குமரி மாவட்டத்தில் சிவராத்திரிக்குப் பக்தர்கள் ஓடியே தரிசிக்கும் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களும் ஆற்றல் கோட்டில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். முஞ்சிறை திருமலையிலிருந்து திருநட்டாலம் வரை ஓடியவர்களுக்குத் தெரியும், அந்த வழி எத்தனை வளைவு என்று. பன்னிரண்டு புள்ளிகளில் மும்மூன்றாக எடுத்தால் 220 சேர்க்கை வரும். கொஞ்சம் தடித்த பென்சிலாக இருந்தால் அதில் சில நேர்கோட்டில் விழத்தான் செய்யும்.

சரி, ‘புதிர்நிலை’ பழைய கட்டுரைகளில் இருப்பதால் அகராதியில் ‘காண்க: சுற்றுத்தடம்’ என்று ஒரு பதிவு போட்டுவிடலாமா?