ஓபன்ஸ்டாக் பட்டியலில் பூட் ஆகாத இமேஜ்களை மறைப்பது: உங்கள் அனுபவம்?

வடதிசை:
ஓபன்ஸ்டாக் கிளவுட் மென்பொருளின் இணையப் பலகையான ஹொரைசனில் விஎம் (மெய்நிகர் கணினி) எடுக்க வருபவர், பட்டியலில் இருக்கிற இமேஜ்கள் (விஎம்மை எழுப்ப உதவும் டிஸ்க் வார்ப்புகள்) எல்லாமே பாதுகாப்பாக ஓடும் என்று நம்பித்தான் தேர்ந்தெடுப்பார். சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸுக்கான ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்தது. அதை இன்னும் பட்டியலில் வைத்திருப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். ஆனால் அழிக்காதீர்கள். அழித்துவிட்டால், அதே இமேஜை வைத்துப் பழைய விஎம்களை ரீபில்ட் செய்ய (புதிதாக நிறுவ) முடியாது. பின்னணியில் செஃப் சேமிப்பகம் இருந்து, குளோன்கள் (அந்த இமேஜிலிருந்து பிரித்த டிஸ்க்குகள்) அதன் ஸ்னாப்ஷாட்டை நம்பி நின்றால் பழைய பதிப்புகளில் அழிக்கவும் விடாது. 409 பிழைதான் வரும்.

2018-இல் ஓபன்ஸ்டாக்கின் ராக்கி வெளியீட்டோடு, இமேஜ்களை வைத்திருக்கும் கிளான்ஸ் சேவைக்கு வந்த 'ஹிட்டன்' கொடி (பட்டியலிலிருந்து மறைக்கும் குறி) இதற்குத்தான். வரிசை முக்கியம்: புது இமேஜை பிரைவேட்டாக ஏற்றுங்கள், ஒரு விஎம் எழுப்பி உள்ளே நுழைந்து பாருங்கள், பப்ளிக் ஆக்குங்கள், அதன் பிறகே பழையதை மறையுங்கள். கடைசியில் அட்மின் அல்லாத கணக்கில் பட்டியலைத் திறந்து சரிபாருங்கள்.

முந்திரிக்காடு:
டெராஃபார்ம் (கோட் எழுதி விஎம்களை உருவாக்கும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் டேட்டா சோர்ஸ் (ஏற்கெனவே இருப்பதைத் தேடி எடுக்கும் பகுதி) பெயரை வைத்துத் தேடினால் மறைத்த இமேஜ் கிடைக்காது, பிளான் அங்கேயே நின்றுவிடும். ஐடி கொடுக்கலாம், அல்லது டேட்டா சோர்ஸிலேயே ஹிட்டனை ட்ரூ ஆக்கலாம். மறைப்பதற்கு முன் அந்த அணிகளிடம் சொல்லிவிடுங்கள்.

கரிசல்:
ஓடாத எல்லாவற்றையும் மறைத்துவிடாதீர்கள். பாதிக்கு மேற்பட்டவை, இமேஜோடு பதிந்த பண்புகளைத் திருத்தினாலே எழுந்துவிடும் என்பது என் கணிப்பு.

யூஇஎஃப்ஐ-க்காக (புதிய வகை பூட் ஃபர்ம்வேர்) தயாரித்த டிஸ்க்கில் ஃபர்ம்வேர் வகை குறிக்கப்படவில்லை என்றால் பழைய வகையான பயாஸ், பூட் டிஸ்க்கைத் தேடிக்கொண்டே நிற்கும். விர்ட்டியோ டிரைவர் (மெய்நிகர் டிஸ்க்கைப் படிக்கத் தேவையானது) இல்லாத விண்டோஸ், நீலத்திரையில் 0x7பி (பூட் டிஸ்க்கை அணுக முடியவில்லை) காட்டும். அதற்கு டிஸ்க் பஸ்ஸை (டிஸ்க் இணைப்பு வகையை) தற்காலிகமாக சாட்டா ஆக்கி எழுப்பி, டிரைவர் போட்டுத் திரும்ப மாற்ற வேண்டும். ஆர்ம் இமேஜில் ஆர்க்கிடெக்சர் பண்பு சரியாக இருந்து, ஹோஸ்ட்கள் எல்லாம் எக்ஸ்86 என்றால் ஷெட்யூலர் (விஎம்முக்கு ஹோஸ்டைத் தேர்வது) 'தகுந்த ஹோஸ்ட் இல்லை' என்று திருப்பி அனுப்பும். இதை மட்டும் மறைத்தே ஆக வேண்டும்.

நேற்றுவரை ஓடியது திடீரென்று மறுக்கப்பட்டால் 2024 ஜூலையில் வந்த பாதுகாப்புத் திருத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு நோவா (விஎம்களை இயக்கும் சேவை) இமேஜ் கோப்பின் உண்மையான வடிவத்தைத் திறந்து பார்க்கிறது. க்யூகவ்2 கோப்பை 'ரா' (இரண்டும் டிஸ்க் கோப்பு வடிவங்கள்) என்று பதிந்து ஏற்றியிருந்தால் ஏற்காது. க்யூஎம்யு-இமேஜ் இன்ஃபோ கட்டளையை ஓட்டினால் உண்மை வடிவம் தெரியும். சரியான வடிவத்தோடு மறுபடி ஏற்றுங்கள்.

தாழை:
கரிசல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இமேஜுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு டிஸ்க், ராம் வேண்டும் என்று சொல்லும் மின்-டிஸ்க், மின்-ராம் இரண்டையும் பூஜ்யமாக விடாதீர்கள். 40 ஜிபி டிஸ்க் கேட்கும் விண்டோஸை 10 ஜிபி ஃப்ளேவரில் (விஎம்மின் அளவுத் திட்டம்) எடுத்துவிட்டு, இமேஜைக் குறை சொல்லும் டிக்கெட்டுகள் இதனால்தான் வருகின்றன.

வடதிசை:
மறைத்தல் பூட்டு அல்ல. ஐடி தெரிந்தவர் மறைத்த இமேஜிலிருந்தும் விஎம் எழுப்பலாம். பாதுகாப்பு ஓட்டை உள்ள இமேஜ் என்றால் டிஆக்டிவேட் செய்யுங்கள். அட்மின் தவிர யாராலும் அதன் டேட்டாவைப் பதிவிறக்க முடியாது. ஆனால் டிஆக்டிவேட் மட்டும் செய்தால் இமேஜ் பட்டியலில் பெயர் அப்படியே நிற்கும். இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

முந்திரிக்காடு:
எப்போது அழிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு: எல்லா ப்ராஜெக்ட்டுகளிலும் அந்த இமேஜ் ஐடியை வைத்து சர்வர் பட்டியல் எடுங்கள். வால்யூமிலிருந்து (தனி சேமிப்பு டிஸ்க்கிலிருந்து) பூட் ஆகும் விஎம்கள் அதில் சிக்காது. வால்யூமின் இமேஜ் மெட்டாடேட்டாவையும், செஃப் என்றால் ஸ்னாப்ஷாட்டின் சில்ட்ரன் (அதிலிருந்து வந்த குளோன்கள்) பட்டியலையும் பார்க்க வேண்டும். மூன்றும் காலியாக இருந்தால் அழிக்கலாம்.