சிற்றலையில் எண் வாசித்த குரல்: கேட்டவர்கள் எழுதுங்கள்

2003-ல் ஷார்ஜாவில் வேலை. ஓர் அறையில் ஆறு பேர், எனக்கு மேல் கட்டில். பிபிசி தமிழோசை முடிந்ததும் ரேடியோவைக் காதோடு வைத்து சிற்றலையை (ஷார்ட்வேவ்) துழாவிக்கொண்டே போவேன். ஒருநாள் சரியாக ஒன்பது மணிக்கு, சாவி கொடுத்த பொம்மை பாடுவது மாதிரி ஒரு மெட்டு. அதே துணுக்கு திரும்பத் திரும்ப. அப்புறம் ஒரு பெண் குரல், ஆங்கிலத்தில் ஐந்து ஐந்து எண்களாக வாசித்தது. ஐந்தாவது எண்ணை மட்டும் கொஞ்சம் தூக்கிச் சொல்லும். ஒவ்வொரு தொகுதியும் இரண்டு தடவை, மொத்தம் 200 தொகுதி. முடிய முக்கால் மணி நேரம் ஆனது.

சும்மா இருக்காமல் மளிகைக் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் எழுதியும் வைத்தேன். காலையில் அதைப் பார்த்த கீழ்க் கட்டில் அண்ணன், "டேய், போலீஸ் பார்த்தா என்னன்னு சொல்லுவே?" என்று கிழித்து அடுப்பில் போட்டுவிட்டார்.

அந்த நிலையத்தின் பட்டப்பெயர் லிங்கன்ஷயர் போச்சர் என்று ஊருக்கு வந்த பிறகுதான் தெரியும். மெட்டு அதே பெயருள்ள ஓர் ஆங்கில நாட்டுப்பாட்டு. சைப்ரஸில் உள்ள பிரிட்டிஷ் விமானப்படைத் தளமான அக்ரோதிரியிலிருந்து வருகிறது என்று சிக்னல் வரும் திசையைப் பார்த்துக் கண்டுபிடித்தவர்கள் ரேடியோ ஆர்வலர்கள்தான். பிரிட்டிஷ் உளவுத்துறையின் வேலை என்பது அவர்கள் கணிப்பு. 2008-ல் நின்றுபோனது.

இந்த எண்கள் உளவாளிக்கு அனுப்பும் ரகசியச் செய்தி. அவரிடம் எண்கள் நிறைந்த ஒரு தாள் இருக்கும். வானொலியில் வந்த எண்ணிலிருந்து தாளில் உள்ளதைக் கழித்தால் செய்தி. அந்தத் தாளை மறுபடி பயன்படுத்தாதவரை யாராலும் உடைக்க முடியாது. அதைவிடப் பெரிய வசதி, கேட்பவன் யாரென்று கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம். கியூபாவுக்கு உளவு பார்த்து 2001-ல் அமெரிக்காவில் பிடிபட்ட அனா மொன்டெஸ் வீட்டில் இருந்ததும் கடையில் விற்கும் சோனி ரேடியோதான். அன்று ராத்திரி அந்த எண்களை எழுதிக்கொண்ட இன்னொருவரும் என்னைப்போல ஏதோ ஒரு கட்டிலில்தான் படுத்திருப்பார்.

---

எனக்கு நேர்ந்தது கூத்து. நாகர்கோவிலில் நேயர் மன்றம் நடத்திய காலம். ஒரு அலைவரிசையில் ஒரே மேளம், ஜால்ரா, சீனக் குழல், பேச்சே இல்லை. புது நிலையம் என்று நினைத்து, கியூஎஸ்எல் அட்டை (நாம் கேட்டதை உறுதிசெய்து நிலையம் அனுப்பும் அட்டை) வாங்கும் ஆசையில் அறிக்கை எழுதி உறையும் ஒட்டிவிட்டேன். மன்றத்தில் மூத்தவர் ஒருவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். தைவானிலிருந்து வரும் சவுண்ட் ஆஃப் ஹோப் என்ற வானொலியின் ஒலிபரப்பை அமுக்க சீனா அதே அலைவரிசையில் போடும் இசையாம் அது. ஃபயர்டிரேக் என்பார்கள். தபால் தலை மட்டும் மிச்சம்.

---

நான் கேட்டது இணையம் வழியாக, நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ரிசீவரில். 4625 கிலோஹெர்ட்ஸ், ரஷ்யாவின் 'பஸ்ஸர்' என்ற நிலையம். நிமிடத்துக்கு 25 தடவை போல ஒரு கரகரத்த ஊதல், இரவும் பகலும். எப்போதாவது ஒருவர் ரஷ்ய மொழியில் பெயர்களும் எண்களும் வாசிப்பார். ராணுவக் கட்டளைகளுக்கு என்றுதான் பலரும் சொல்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. 2001-ல் ஊதலுக்குப் பின்னால் ஆட்கள் பேசிக்கொண்டது கேட்டதாம், மைக் திறந்தே இருந்திருக்கும் போல. அந்த ஆசையில் மூன்று இரவு கண்விழித்தேன். ஊதல்தான். நாலாம் நாள் தூங்கப் போய்விட்டேன்.