கோடைக்கால உயிரியல் ஆய்வு முகாம்: எல்லாரும் 5க்கு 5 போட்டால் போதுமா?

குறிப்பேடு:
பள்ளி மேல்வகுப்பு மாணவர்களுக்கான ஆறு வாரக் கோடை உயிரியல் ஆய்வு முகாம் ஒன்றை மதிப்பிட்டு அறிக்கை தரும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வகத்தில், ஒரு வழிகாட்டியிடம் வேலை செய்வார். கடைசி நாளன்று தன் ஆய்வை விளக்கும் போஸ்டர் வைப்பார். அன்றே ஒரு கருத்துப் படிவம் கொடுப்பார்கள். இதுவரை மதிப்பீடு என்று நடந்தது அது ஒன்றுதான். பெரும்பாலானவர்கள் எல்லாக் கேள்விக்கும் 5க்கு 5 போட்டிருக்கிறார்கள். முகாமை நடத்துகிறவர்களுக்கு இதுவே போதும். இதை வைத்துக்கொண்டு முகாம் பயன் தந்தது என்று கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கருத்து?

பழைய வாத்தியார்:
ஏன் வரவில்லை? விடுமுறையை விட்டுவிட்டு ஆறு வாரம் ஆய்வகத்தில் கிடந்த பிள்ளை "பிடித்திருந்தது, உயிரியலில் ஆர்வம் கூடியது" என்று எழுதினால் அதைச் சந்தேகப்பட வேண்டுமா? பல வருடம் பாடம் நடத்தியவன் சொல்கிறேன், அந்த வயதில் ஆர்வம் பற்றிக்கொள்வதுதான் எல்லாம். மற்றதைக் கல்லூரி பார்த்துக்கொள்ளும்.

தரவுப்பித்தன்:
பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை சார். அந்த ஆர்வத்தை முகாம் உண்டாக்கியதா, அவர்களே கொண்டுவந்ததா என்பதுதான் கேள்வி. இந்த மாதிரி முகாமில் சேரவே கட்டுரை, மதிப்பெண், பரிந்துரைக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். ஏற்கெனவே உயிரியல் பைத்தியமாக இருக்கிற பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, ஆறு வாரம் கழித்து "பாருங்கள், ஆர்வமாக இருக்கிறார்கள்" என்றால் என்ன அர்த்தம்?

2006இல் ராபர்ட் டாய் குழுவினர் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் எட்டாம் வகுப்பிலேயே "அறிவியல் சார்ந்த வேலைக்குப் போவேன்" என்று சொன்ன மாணவர்கள், அப்படிச் சொல்லாதவர்களைவிட உயிர் அறிவியலில் பட்டம் வாங்கும் வாய்ப்பு 1.9 மடங்கு இருந்தது. எந்த முகாமுக்கும் போகும் முன்பே பாதி முடிவு எழுதப்பட்டிருக்கிறது. முகாமுக்கு வந்தவர்களில் எத்தனை பேர் உயிரியல் படித்தார்கள் என்று எண்ணிக் காட்டுவதால் ஒன்றும் நிரூபணம் ஆகாது.

பழைய வாத்தியார்:
உங்கள் கணக்குப்படி பார்த்தால் நல்ல மாணவனைச் சேர்க்கிற எந்தப் பள்ளிக்கூடமும் எதையும் கற்றுத் தருவதில்லை!

தரவுப்பித்தன்:
சில பள்ளிகளைப் பற்றி அது உண்மைதான். :)

கடைசிபெஞ்ச்:
நான் இதேபோன்ற ஒரு முகாமுக்குப் போனவன். இப்போது கல்லூரியில் இருக்கிறேன். படிவத்தில் நானும் 5க்கு 5தான். காரணம் எளிது: என் வழிகாட்டி எனக்குக் கல்லூரி விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. படிவத்தில் பெயர் கேட்கவில்லைதான். ஆனால் எங்கள் ஆய்வகத்தில் மாணவன் என்று இருந்ததே நான் ஒருவன், கையெழுத்தும் என்னுடையது.

வேலை என்ன தெரியுமா? முதல் இரண்டு வாரம், திரவத்தை அளந்து ஊற்றும் பிப்பெட்டின் முனைகளை டப்பாவில் அடுக்கினேன். அப்புறம் முனைவர் பட்ட ஆய்வு மாணவர் ஒருவருடைய மாதிரிகளுக்கு பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் முறை) போட்டேன். அவர் சொன்ன வரிசையில் ஊற்றினேன். ஏன் அந்த வரிசை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போஸ்டரில் பாதி வாக்கியங்கள் அவருடையவை. போஸ்டர் அழகாக இருந்தது, பரிசும் கிடைத்தது.

குறிப்பேடு:
தம்பி, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அப்படியானால் போஸ்டரையும் சான்றாக எடுக்க முடியாது.

ஆய்வகத்து அக்கா:
வழிகாட்டிகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, கொஞ்சம் கேளுங்கள். ஆறு வாரத்தில் அசல் ஆய்வு என்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒரு மரபணுவை பிளாஸ்மிட் என்கிற சிறு டிஎன்ஏ வளையத்தில் ஏற்றும் வேலை எங்களுக்கே சில சமயம் மாதக்கணக்கில் இழுக்கும். வளர்த்த செல்களில் பூஞ்சை பிடித்தால் ஒரு வாரம் போச்சு. அதனால் பல ஆய்வகங்கள், மாணவனிடம் கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்கிற வேலையைத்தான் கொடுக்கும். வழிகாட்டிகள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. யாரோ ஒருவருடைய ஆய்வுக் கட்டுரை அந்த மாதிரிகளை நம்பி இருக்கிறது.

ஆக, மாணவர் என்ன கற்றார் என்று பார்க்கும் முன் திட்டப்பணியையே மதிப்பிடுங்கள். விடை யாருக்கும் தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும், அதேசமயம் ஆறு வாரத்தில் ஏதாவது கையில் கிடைக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம். நல்ல உதாரணம் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான ஃபேஜைத் தேடுவது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல் குழுவினரோடு சேர்ந்து ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் 2008இல் தொடங்கிய திட்டம், கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்காக. ஒரு பிடி மண் எடுத்து அதிலிருந்து ஃபேஜைப் பிரித்தெடுக்க வேண்டும். தட்டில் பாக்டீரியா செத்த இடம் வட்டமாகத் தெளியும். மின்னணு நுண்ணோக்கியில் பார்க்கலாம், பெயரும் வைக்கலாம். மண்ணில் ஃபேஜுக்குப் பஞ்சமில்லை, கிடைப்பது பெரும்பாலும் புதியதாகவும் இருக்கும். பள்ளி மாணவருக்கு ஏற்றபடி இதைச் சுருக்கலாம்.

நான் மதிப்பிட்டால் போஸ்டரைத் தொடவே மாட்டேன். ஆய்வுக் குறிப்பேட்டை வாங்கிப் பார்ப்பேன். சோதனை தோற்ற நாளில் அந்தப் பிள்ளை என்ன எழுதியிருக்கிறது? "வரவில்லை, மறுபடி செய்தேன்" என்றா, "பிரைமர் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) கெட்டிருக்கலாம், புதிதாகக் கலக்கி, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினேன்" என்றா? வித்தியாசம் அங்கே தெரிந்துவிடும்.

தரவுப்பித்தன்:
அக்கா, ஆய்வுக் குறிப்பேடு அருமையான சான்று. ஆனால் முகாமுக்கு வராத பிள்ளையிடம் குறிப்பேடே இருக்காதே. ஒப்பிட ஆள் வேண்டும். என் யோசனை: தகுதி பெற்ற விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமாக இருந்தால் குலுக்கல் போடுங்கள். சீட்டு விழுந்தவர்களையும் விழாதவர்களையும் சில ஆண்டுகள் தொடருங்கள். செய்தும் பார்த்திருக்கிறார்கள். சாரா கொஹோட்ஸ், ஹெலன் ஹோ, சில்வியா ரோப்லஸ் மூவரும் அறிவியல், பொறியியல் கோடை முகாம்களுக்கு விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் சேர்த்து, கல்லூரி முடியும்வரை தொடர்ந்து பார்த்தார்கள்.

பழைய வாத்தியார்:
என்ன முடிவு வந்தது? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே!

தரவுப்பித்தன்:
இடம் கிடைத்தவர்கள் அறிவியல், பொறியியல் துறைகளில் பட்டம் வாங்குவது கூடியது.

பழைய வாத்தியார்:
அப்புறம் என்ன? முகாம் வேலை செய்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

தரவுப்பித்தன்:
அந்த முகாம்கள் வேலை செய்தன. நம் நண்பர் 'குறிப்பேடு' மதிப்பிடப் போகும் முகாமைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இன்னொன்று, அதே ஆய்வின்படி பட்டம் முடிப்போர் கூடியதற்குக் காரணம் பிள்ளைகள் இன்னும் நல்ல கல்லூரிகளில் சேர்ந்ததுதான். எந்தத் துறையில் பட்டம் வாங்கினார்கள் என்பதில் மட்டும் அதற்கு மேலும் கொஞ்சம் விளைவு தெரிந்தது. ஆகவே பிப்பெட் பிடித்ததால் வந்த பலன் எவ்வளவு, கதவு திறந்ததால் வந்த பலன் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பழைய வாத்தியார்:
கதவு திறப்பதும் பலன்தானே ஐயா! அதோடு, பிள்ளைகளின் வாய்ப்பைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதை என்னால் ஏற்க முடியாது. கட்டுரையை நான்கு முறை திருத்தி எழுதிய பெண்ணிடம் போய் "உன் சீட்டு விழவில்லை அம்மா" என்று யார் சொல்வது?

ஆய்வகத்து அக்கா:
இப்போது மட்டும் என்ன சொல்கிறார்கள்? "போட்டி கடுமையாக இருந்தது" என்று ஒரு வரி. நானும் தேர்வுக் குழுவில் இருந்திருக்கிறேன். மேலே உள்ள சிலர் தெளிவாகத் தெரிவார்கள், கீழே உள்ள சிலரும் தெரிவார்கள். நடுவில் உள்ளவர்களில் யாரை எடுப்பது என்பது அன்று அறையில் யார் சத்தமாகப் பேசினார்கள் என்பதைப் பொறுத்தது. சீட்டு அதைவிட நேர்மையானது.

தரவுப்பித்தன்:
சீட்டே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. தேர்வுக் குழு போடும் மதிப்பெண்ணில் ஒரு வெட்டுக்கோடு இருக்கும் அல்லவா? கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவரும் சற்றுக் கீழே இருப்பவரும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பிள்ளைகள். அவர்களை ஒப்பிடுங்கள். திஸ்டில்வெயிட்டும் கேம்ப்பெலும் 1960இல் இந்த முறையை அறிமுகப்படுத்தியதே அமெரிக்கத் தகுதிச் சான்றிதழ் வாங்கிய பள்ளி மாணவர்களை ஆராயத்தான். ஒரே சிக்கல், ஒரு வருடத்துப் பிள்ளைகள் போதாது. பல வருடத் தரவைச் சேர்க்க வேண்டும்.

குறிப்பேடு:
பல வருடம் காத்திருக்க முடியாது. இந்தக் கோடைக்கு ஏதாவது சொல்லுங்கள்.

ஆய்வகத்து அக்கா:
முன்னும் பின்னும் ஒரு சோதனை வடிவமைப்புக் கேள்வி கொடுங்கள். சிரமும் ஹம்பர்கும் 2011இல் வெளியிட்ட ஒன்று இருக்கிறது: ஜின்செங் மூலிகை உடலின் தாக்குப்பிடிக்கும் திறனைக் கூட்டும் என்று விளம்பரம் சொல்கிறது, அதை எப்படிச் சோதிப்பாய்? 10 மதிப்பெண். ஒப்பீட்டுக் குழு வைத்தாரா, போலி மாத்திரை பற்றி யோசித்தாரா, எத்தனை பேரைச் சேர்த்தார் என்றெல்லாம் பார்த்துப் போடுவார்கள். "சோதனை வடிவமைக்கத் தெரியுமா?" என்று பிள்ளையையே கேட்டால் முதல் நாள் "நன்றாகத் தெரியும்" என்று டிக் அடிக்கும். ஆறு வாரம் கழித்து, தனக்கு எவ்வளவு தெரியாது என்று புரிந்த பிறகு, குறைவாகப் போடும். படிவத்தை நம்பினால் முகாம் அறிவைக் குறைத்துவிட்டது என்று அறிக்கை எழுத வேண்டி வரும்.

அதோடு ஒரு ஜெல் படமும் கொடுங்கள்; பிசிஆரில் பெருகிய டிஎன்ஏ அதில் பட்டையாகத் தெரியும். டிஎன்ஏ சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாயிலும் பட்டை தெரிகிற படம், அதாவது எங்கோ கலப்படம் ஆகியிருக்கிறது என்று காட்டுகிற படம். "இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவாய்?" என்று கேளுங்கள்.

கடைசிபெஞ்ச்:
முகாம் முடிந்த அன்று என்னிடம் அதைக் கேட்டிருந்தால், "எல்லாக் குழாயிலும் பட்டை வந்துவிட்டது, சோதனை வெற்றி" என்றுதான் எழுதியிருப்பேன்.

பழைய வாத்தியார்:
பிள்ளைகளை மட்டும் இப்படித் துளைத்தெடுப்பது நியாயமா? வழிகாட்டிகளை யார் மதிப்பிடுவது?

ஆய்வகத்து அக்கா:
அதே ஜெல் படத்தை அவர்களுக்கும் கொடுங்கள். "இந்தப் படத்தோடு உங்கள் மாணவர் வந்து நின்றால் முதலில் என்ன கேட்பீர்கள்?" என்று எழுதச் சொல்லுங்கள். "தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டச் சொல்வேன்" என்று எழுதுகிறவருக்கு அடுத்த வருடம் மாணவர் வேண்டாம்.

பழைய வாத்தியார்:
இதற்கு எந்த வழிகாட்டி ஒப்புக்கொள்வார்?

ஆய்வகத்து அக்கா:
நான் எழுதித் தருகிறேன் சார். மற்ற வழிகாட்டிகளை நம் நண்பர் 'குறிப்பேடு' கேட்டுப் பார்க்கட்டும்.

குறிப்பேடு:
கேட்டுப் பார்க்கிறேன். படிவத்தையும் போஸ்டர் முடிந்து பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் போன பிறகே அனுப்பச் சொல்லப் போகிறேன்.